குனிந்து செய்யும் வேலையும் இடுப்பு வலியும்

நெற் சாகுபடியில் நாற்று நடவும் கைக்களையும் பெரும்பாலும் ஸ்திரீகளாலும், வரப்பு வெட்டுதல், மூட்டை சுமத்தல் முதலியன பெரும்பாலும் புருஷர்களாலும் செய்யப்பட்டு வருகின்றன. இடுப்பு வலி இரு பாலாருக்கும் பொதுவாயினும், அது வெளிப்படும் விதம் வேறு. சுமை தூக்குபவனுக்கு வலி கண்டால் அன்றைய கூலி நின்று விடுவதால், அது உடனே யாவருக்கும் தெரிகிறது. நடவு நடும் ஸ்திரீக்கோ, கழனியினின்று திரும்பிய பின்னரும் தண்ணீர் சேந்துதல், குழந்தையைத் தூக்குதல், தரையில் அமர்ந்து எழுதல் ஆகிய வேலைகள் காத்திருக்கின்றன. வலியினால் இவை தடைப்படுவதை எவரும் கணக்கிடுவதில்லை.

உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தியதாக உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவிக்கின்றது. அவர்களுள் ஸ்திரீகளே அதிகம்.

குனிந்து நிற்கையில் மேலுடலின் பாரத்தை முதுகுத் தசைகள் தாங்க வேண்டியிருக்கிறது. முள்ளெலும்புகளின் இடையேயுள்ள வட்டுகளும் மிகுதியாக அழுத்தப்படுகின்றன. நெடுநேரம் குனிந்திருந்தால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்து விடும். அந்நிலையில் உடனே பாரம் தூக்குவது அபாயம்.

கருவியின் பிடியும் இதற்கோர் காரணமாம். அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவில் தோட்டத் தொழிலாளர்கள் குட்டைப்பிடிக் களைக்கொத்தினால் நாள் முழுதும் குனிந்து வேலை செய்து முதுகு கெட்டனர். நீண்ட பிடியால் பயிர் சேதமாகுமென்று பண்ணையார்கள் வாதித்தும், 1975-ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பையொட்டி அக்கருவி விலக்கப்பட்டது.

நெல் வயலில் வரிசை நடவு செய்தால், நீண்ட பிடியுள்ள உருளும் களைக்கருவியை நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம். கையால் நடுமிடத்து, அடிக்கடி நிமிர்ந்து சற்று நடத்தல் வேண்டும். நட்டு முடிந்தவுடன் நாற்று முடிகளைச் சுமத்தலாகாது. சிறிது நேரம் நிமிர்ந்து நின்ற பின்னரே சுமத்தல் நலம். சாதாரண வலிக்குப் பல நாள் படுத்திருத்தல் பயன் தராது. இயன்ற அளவு நடமாடுவதே நன்று. ஆனால் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் தடைப்படுதல் ஆகிய குறிகள் தோன்றின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மாட்டின் கழுத்தில் புண் கண்டால் நுகத்தடியைச் சோதிப்பது குடியானவர் வழக்கம். நடவாட்களின் இடுப்பு வலியைக் கேட்டறிந்து, கருவியையும் வேலை முறையையும் திருத்துவதும் அவ்வாறே அவர்கள் கடமையாகும்.