போட்டோவில் படிக்கட்டு தெரியாது! கொடைக்கானலில் குடும்பத்தோடு தங்க வீடு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. தேன் நிறக் கல் சுவர், சரிந்த கூரை, வாசலில் ரோஜாக்கொடி, உள்ளே விறகு எரியும் கணப்பு. அனுப்பியது பர்மிங்காமில் வேலை பார்க்கும் அத்தை மகள். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறாள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "மே மாசம் லீவுல வரேன். இதே மாதிரி ஒரு வீடு பாருங்க. ஹோட்டல் வேணாம். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ நாலு நாள் இருக்கணும்."

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு ஹாலில் அன்று ராத்திரி ஒரே உற்சாகம். வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் எந்நேரமும் போனும் கையுமா இருக்கியே, நீயே பாரு" என்றார் அப்பா. பாட்டி மட்டும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே போல ஒரு மலை ஊருக்குப் போனோம். போட்டோவில் அருமையான வீடு. பால்கனியில் மேகம். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ரோட்டிலிருந்து வீட்டுக்கு 46 படி கீழே இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது. பாட்டிக்கு 74 வயது, இரண்டு முட்டியிலும் வலி. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒருவழியாக இறக்கினார்கள். இறங்கியவர் மூன்று நாள் மேலே ஏறவில்லை. நாங்கள் ஏரி, பூங்கா, அருவி என்று சுற்றிவிட்டு வந்து போட்டோ காட்டினோம். பாட்டி எல்லாவற்றையும் பார்த்து "நல்லாயிருக்கு" என்றார். அந்த 'நல்லாயிருக்கு' இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வீட்டில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவருக்காக வீடு பார்ப்பது. அவருக்குச் சரிப்படும் வீடு மற்ற எல்லோருக்கும் சரிப்படும். இரண்டு மாதம் தேடியதில் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மலை, பிறகு வீடு

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெற்கே போகும் பெரும்பாலான ரயில்களை எழும்பூர் போகாமல் இங்கேயே பிடிக்கலாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து மலை மேலே சுமார் 80 கிலோமீட்டர். வளைவு வளைவான பாதை என்பதால் எப்படியும் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும்.

குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ மலைப்பாதையில் வாந்தி வரும் என்றால் ஏற்காட்டை யோசிக்கலாம். எழும்பூர் - சேலம் எக்ஸ்பிரஸும் தாம்பரம் வழியாகத்தான் போகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னும் பக்கத்தில் ஏலகிரி இருக்கிறது, 14 வளைவுகள்தான். ஆனால் உயரம் குறைவு என்பதால் மே மாதத்தில் கொடைக்கானல் குளிரை அங்கே எதிர்பார்க்க முடியாது.

அத்தை மகள் கேட்டது கல் சுவரும் கணப்பும். அதற்கு எங்களுக்குக் கொடைக்கானல்தான் சரிப்பட்டது. மதுரையில் காய்ச்சலுக்குத் தங்கள் குடும்பத்தினரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆங்கிலேயரும் வந்து குடியேறினார்கள். தாங்கள் பழகிய பாணியில் கல் வீடு, ஓட்டுக் கூரை, புகைபோக்கி என்று கட்டிக்கொண்டார்கள். கொடைக்கானலில் எல்லோரும் 'காட்டேஜ்' என்று சொல்வதற்கு இதுதான் ஆரம்பம். ஆனால் இன்று காட்டேஜ் என்று போர்டு மாட்டியதெல்லாம் அந்தப் பழைய வீடு இல்லை. ஒரே காம்பவுண்டில் பத்து கான்கிரீட் அறை கட்டியவர்களும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 'முழு வீடும் நமக்கா, ஓர் அறை மட்டுமா?' என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

போட்டோ சொல்லாத விஷயங்கள்

ஆப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் போடுங்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கேட்டவை இவை.

கார் வாசல் வரை வருமா? ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி? 'கொஞ்சம்தான் மேடம்' என்று சொன்னால் விடாதீர்கள். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பேர் எனக்கு எண்ணிச் சொன்னார்கள். ஒருவர் 30-க்கு மேல் போனதும் அவரே சிரித்துவிட்டு, "பாட்டிக்கு இது வேணாம்மா, நான் வேற வீடு சொல்றேன்" என்றார்.

தரைத்தளத்தில் ஒரு படுக்கை அறையும், அதை ஒட்டியே பாத்ரூமும் இருக்கிறதா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? பாத்ரூம் தரை வழுக்குமா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடப்பவருக்கு, ஜன்னலில் தெரியும் பள்ளத்தாக்கைவிட இது முக்கியம்.

வெந்நீர் எப்படி வருகிறது? சோலார் மட்டும் என்றால் மூடுபனி நாளில் திண்டாட்டம்தான். கீஸர் என்றால் கரன்ட் போனால் என்ன செய்வது? கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் ஊர் அது. தொட்டி நிரம்பியிருக்குமா, லாரித் தண்ணீர் வாங்கினால் காசு யார் தருவது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சமைக்க விடுவார்களா? சிலிண்டர், பாத்திரம், மிக்ஸி எல்லாம் உண்டா? குக்கர் இல்லை என்றால் கையோடு கொண்டு போங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு சட்டென்று வேகாது.

பக்கத்தில் ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்? எந்த போன் நெட்வொர்க் கிடைக்கும்? வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ராத்திரி எங்கே இருப்பார்? இருட்டிய பிறகு தெருவில் காட்டுமாடு வந்து நிற்பது கொடைக்கானலில் சாதாரணம். அவசரத்துக்குக் கூப்பிட பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

ரிவ்யூ படிக்கும்போது ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் தள்ளிவைத்துவிட்டு, மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படியுங்கள். 'வீடு நல்லா இருக்கு, ஆனா...' என்று எழுதுபவர்கள் அவர்கள்தான். அந்த 'ஆனா'வில்தான் விஷயம் இருக்கும். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடும் 'லேண்ட்மார்க் டிரஸ்ட்' என்ற அமைப்பு 1965 முதல் இருக்கிறது. அவர்களின் வீடுகளில் டி.வி. கிடையாது, தங்கியவர்கள் எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கும். நம் ஊரில் அந்த நோட்டு வேலையை இந்த ரிவ்யூக்கள் செய்கின்றன.

கணப்பு அழகுதான், ஆனால் கவனம்

மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் தேடும் ஊர். கணப்பு இருக்கும் வீடு என்றால் ஆசையாகத்தான் இருக்கும். புகைபோக்கி சுத்தம் செய்யப்பட்டிருக்கிறதா, விறகுக்குத் தனிக் காசா, பார்த்துக்கொள்பவரே மூட்டித் தருவாரா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இரண்டு இளைஞர்கள், அறைக்குள் இருந்த பார்பிக்யூ அடுப்பின் புகையால் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூங்குபவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் தணலிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள்.

அட்வான்ஸ் அனுப்பும் முன்

தேடிக்கொண்டிருந்தபோது இன்ஸ்டாகிராமில் ஒரு வீடு சிக்கியது. மற்ற வீடுகளின் வாடகையில் பாதிதான். "இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க, இப்பவே முழுப் பணமும் போட்டா பிளாக் பண்றேன்" என்று அவசரப்படுத்தினார்கள். அந்தப் போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு வீடு!

இப்படிப் போலி பக்கங்களில் விடுதி புக் செய்து பணத்தை இழப்பவர்கள் இருப்பதால், மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே 2025 ஏப்ரலில் சுற்றுலாப் பயணிகளுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டுக்காரரை வாட்ஸ்அப் வீடியோ காலில் வரச் சொல்லி, கேட்டிலிருந்து பாத்ரூம் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். நிஜமான வீட்டுக்காரர் தயங்க மாட்டார். யு.பி.ஐ.யில் வரும் பெயரும் அவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் அட்வான்ஸாகக் கொடுங்கள். கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். 'பணம் திருப்பி அனுப்புகிறோம், இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்றால் அது மோசடி. பணம் வாங்க ஸ்கேன் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு முறையான அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். விதிமீறிக் கட்டிய கட்டடங்கள் பலவற்றுக்கு, 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் கொடைக்கானலில் சீல் வைத்தார்கள். புக் செய்த வீடு பூட்டிக் கிடந்தால் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்பது நாம்தான்.

இ-பாஸ் மறக்காதீர்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. 2025 சீசனில் ஒருநாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வைத்தார்கள். வீட்டை புக் செய்துவிட்டு பாஸ் கிடைக்காமல் நிற்காமல், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். விதிகள் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். மலையில் அதற்கும் கெடுபிடி உண்டு.

நாங்கள் எடுத்த வீடு

கடைசியில் பூம்பாறை போகும் சாலையில் ஒரு வீடு அமைந்தது. கல் சுவர் இல்லை, ரோஜாக்கொடியும் இல்லை. சாதாரண ஓட்டு வீடு. கார் வாசலில் நிற்கும். மூன்றே படி, கைப்பிடியோடு. போட்டோவைக் குரூப்பில் போட்டதும் அத்தை மகள் ஒரு நிமிடம் பதில் போடவில்லை. பிறகு கேட்டாள்: "பாட்டி வராங்களா?" வருகிறார் என்றேன். "அப்ப இதுதான் வீடு" என்றாள்.

முதல் நாள் காலையில் நான் எழுந்தபோது பாட்டி படுக்கையில் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். வாசல் திண்ணையில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு முறம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு. ரெண்டு பேருக்கும் நடுவில் ஊர்க்கதை ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் போகிற வருகிற எல்லோரையும் பாட்டி ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார்.

"தனியாவா எழுந்து வந்தீங்க பாட்டி?" என்றேன்.

"மூணு படிதானேடி" என்றார், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நாலு நாளில் ஏரிக்கு நாங்கள் ஒரே ஒருமுறைதான் போனோம். மற்ற நேரமெல்லாம் அந்தத் திண்ணையில்தான் இருந்தோம், எல்லோரும்.