முதுகைப் பார்த்து வாங்க வேண்டிய கத்தி

கையும் கருவியும் – 7

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா எல்லாம் தாண்டி வரும் ஏ5 வீதி செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. எங்கள் ஆட்களுக்கு அது பதுளை வீதி. வட்டைக்கும் காட்டுக்கும் போகிற வழி. கறுத்தப்பாலத்தைக் கடந்து கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை என்று மேற்கே போகிறவர்களில் சேனை வெட்டுகிறவர் உண்டு, பட்டி மாடு பார்க்கிறவர் உண்டு, விறகுக்கும் தேனுக்கும் போகிறவர் உண்டு. தொழில் எதுவானாலும் கையில் ஒரு காட்டுக்கத்தி இருக்கும். சென்ற வாரம் தாக்கத்தியைப் பற்றி எழுதினேன். அது அறுவடைக்கு மட்டும் வெளியே வரும். காட்டுக்கத்திக்கு ஓய்வு கிடையாது. வேலிக்குக் கம்பு வெட்டவும், வாடி கட்டவும், விடத்தலும் சூரையும் அடைத்த பாதையைத் திறக்கவும் அது வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு விழுந்து கிடந்த மரங்களுக்கிடையே வழி திறந்தவையும் இந்தக் கத்திகளும் கோடரிகளும்தான்.

இன்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இப்படி ஒண்டு அடிச்சுத் தாங்க ஐயா" என்று கம்மாலையில் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க போவி கத்தி: நீண்ட அலகு, முனைப் பக்கம் முதுகை வளைத்துக் குடைந்த வெட்டு, பிடிக்கு முன்னால் பித்தளைக் காப்பு. அழகான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கதையை அறிந்துவிட்டுக் கேட்பது நல்லது.

1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டொன்றில் நடந்த சண்டையில், சுடப்பட்டும் குத்துப்பட்டும் விழுந்த ஜேம்ஸ் போவி தன் பெரிய கத்தியால் எதிரியைக் கொன்றார். பத்திரிகைகள் அதை ஊதிப் பெருக்கின. 1836 மார்ச் 6 அன்று அலமோ கோட்டையில் அவர் இறந்தபின் பெயர் இன்னும் பெருகியது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரப் பட்டறைகள் போவி கத்திகளைச் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அண்ணன் ரெசின் போவி பிற்பாடு ஒரு பத்திரிகைக்கு எழுதியபோது, முதல் கத்தி தனக்காகச் செய்த வேட்டைக் கத்தி என்றார். நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டும் வாய், வளைவில்லாத அலகு. அவர் கணக்கில் அது ஒரு சாதாரண வேலைக் கத்தி. குடைந்த முனையும் பெரிய காப்பும் புகழோடு கூட வந்து ஒட்டியவை.

காட்டு வேலைக்கு அந்த முனையால் பெரிய பயனில்லை. முனைப் பக்கம் குடைந்தால் அங்கே எடை குறைகிறது. வெட்டுக்குத் தேவையான எடையோ அங்கேதான் இருக்க வேண்டும். காட்டுக்கத்தியின் முன்பாகம் அகன்றும் கனத்தும் இருப்பது அதனால்தான். வாங்கும்போது பிடிக்கு முன்னால் அலகின் அடியில் ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். பிடிக்கு அருகிலேயே சமன் ஆகிற கத்தி தோலுரிக்கவும் இறைச்சி வெட்டவும் லேசாக வரும். மூன்று நான்கு விரல் தள்ளிச் சமன் ஆனால் கிளை வெட்டும்போது பாதி வேலையைக் கத்தியே செய்யும். பத்து அங்குலத்துக்கு மேல் நீண்டால் பற்றைக்குள் வீசுவது சிரமம். கை சோர்ந்த பிறகு பெரிய கத்தி ஆபத்தும்கூட.

அடுத்து முதுகு. பலர் வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். வாயை எந்தக் கத்திக்கும் பத்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். முதுகு பிடியடியில் தடித்து முனையை நோக்கிச் சீராக மெலிய வேண்டும். அது சம்மட்டியின் வேலை. தகட்டை வெட்டி கிரைண்டரில் தேய்த்து எடுத்த கத்திகள் பலவற்றில் முதுகு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தடிப்பாக இருக்கும். வீசினால் கட்டையைத் தூக்கி அடிப்பது போலக் கை கனக்கும்.

இரும்பு எங்கிருந்து வருகிறது? இப்போது பெரும்பாலும் பழைய லொறிகளின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து. அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஸ்பிரிங் உருக்கில் கரிமம் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருக்கும். கடினப்படவும் செய்யும், அடி தாங்கவும் செய்யும். அமெரிக்கக் கைவினைக் கொல்லர்கள் 5160 என்று எண்ணிட்டுப் புதிதாக வாங்கிப் பெருங்கத்தி அடிப்பதும் இந்த வகை உருக்கைத்தான். பல வருடம் பாரம் சுமந்த பட்டையில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம் என்பது மட்டும்தான் கவலை. கட்டிடக் கம்பியில் அடித்த கத்தி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கரிமம் குறைவு; எவ்வளவு தோய்த்தாலும் வாய் நிற்காது.

இந்தத் தீவில் உருக்கு புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து உருக்கிய உலைகளை கில் ஜூலெப் என்ற தொல்லியலாளர் கண்டெடுத்து 1996 இல் நேச்சர் இதழில் எழுதினார். 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான உலைகள் அவை. அப்படி ஒரு உலையைத் திரும்பக் கட்டிக் காற்றில் ஓட்டியபோது, அதில் கரிமம் மிகுந்த உருக்கே கிடைத்தது.

கத்தியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. நாள் முழுக்க அடித்துச் செய்த உருவம் இந்தச் சில நொடிகளில் கத்தி ஆகும், அல்லது வெறும் தகடாகப் போகும். உருக்கை ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக்கினால் காந்தம் அதில் ஒட்டாது. அதையும் கொஞ்சம் தாண்டியபின் எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் ஸ்பிரிங் உருக்கு வெடிக்கக்கூடும். கம்மாலைகளில் வெப்பமானி கிடையாது. செம்மை எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். வெயிலில் அந்த நிறம் மங்கித் தெரியும். கூரைக்குள் நிழல் இருந்தால்தான் கணக்குப் பிடிபடும்.

தோய்த்து எடுத்த அலகு கண்ணாடிபோலக் கடினமாகவும் அதேபோல உடையக்கூடியதாகவும் இருக்கும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கி இளக்க வேண்டும். மினுக்கிய உருக்கில் அப்போது நிறங்கள் ஓடும்: 200 பாகை தாண்டினால் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், ஊதா, 300 அளவில் நீலம். வாய் வைக்கோல் நிறத்துக்கும் தவிட்டு நிறத்துக்கும் நடுவே நிற்க வேண்டும், முதுகு நீலத்துக்குப் போக வேண்டும். வாய் கடினம், முதுகு இளக்கம். நேபாளக் கொல்லர்கள் இதையே வேறு வழியில் செய்கிறார்கள். சிவந்த குக்ரியின் வாயில் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றி அதைக் கடினமாக்குகிறார்கள். விற்கும்போது கத்தியைத் தேய்த்து மினுக்கிவிடுவதால் நிறங்கள் போய்விடும். கொல்லர் எத்தனை கவனமாக இருந்தார் என்பதை அதன்பின் கண்ணால் காண முடியாது.

அதனால்தான் சோதித்து வாங்குங்கள் என்கிறேன். 1976 இல் பில் மோரன் முதலானவர்கள் தொடங்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் தன் அங்கத்தவர்களுக்கு ஒரு தேர்வு வைக்கிறது. பத்து அங்குலத்துக்கு மேற்படாத அலகொன்றால், தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டி முறிக்க வேண்டும். அதன் பிறகும் அதே வாய் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை இடுக்கியில் பிடித்து 90 பாகை வளைப்பார்கள்; வாயில் சிறு விரிசல் விடலாம், அலகு இரண்டாக முறியக் கூடாது. இந்தத் தேர்வின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வளைக்கிற சோதனையை வாங்கப்போகிற கத்தியில் செய்ய வேண்டாம். ஒரு பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, வாயைச் சற்றுச் சாய்த்து அதன்மேல் அழுத்தி இழுங்கள். வாய் கம்பியின் மேல் மெல்ல வளைந்து உடனே நிமிர்ந்தால் தோய்ச்சல் சரி. வளைந்தபடியே நின்றால் இளகல்; பல் விழுந்தால் கடினம் மிஞ்சிவிட்டது. பிறகு காய்ந்த பாலைக் கொம்பொன்றில் பத்து வெட்டு. பல் விழாமல், மடங்காமல் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். கடைத் தகட்டின் விலையை வைத்து இந்த வேலையை அளப்பது அநியாயம். கம்மாலைகள் மூடப்படுவதில் நமது பேரத்துக்கும் பங்கு உண்டு.

பிடிக்கு முதிரை நல்லது. மான்கொம்பு கேட்காதீர்கள், மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அலகின் காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். குட்டைக் காம்பைச் சூடாக்கிச் செருகிய பிடி வீசும்போது கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. காம்பு கடைசி வரை போய், பூணும் ஆணியும் இட்ட பிடியே வேண்டும்.

கடைக்குப் போவதுபோலக் கம்மாலைக்குப் போகாமல், என்ன வேலைக்கு என்று சொல்லப் போங்கள். கொட்டியாரக் குடாவில் 1660 இல் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தன் நூலில் பிந்தன்னைக் காட்டு வேடர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். இரவில் அவர்கள் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லர் பட்டறையில் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் கூட வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லர் அந்த அளவுக்கே செய்து வைத்தால், இன்னும் இறைச்சி வருமாம். கைபேசிப் படத்தில் அளவே இல்லை. ஒரு மட்டையில் உங்கள் கைக்கு ஏற்ற உருவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மரத்தை வெட்டப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வாவிக் காற்றில் உப்பு உண்டு. ஸ்பிரிங் உருக்கு ஓரிரவில் துருப்பிடிக்கும். துடைத்துக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வீட்டில் கத்தியை உறைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

(அடுத்த வாரம்: கோடரி)