யூரியா போடுறதுக்கு முன்னாடி: நெல்லுக்கு ஒரு பி.சி.ஆர். டெஸ்ட்

மேடவாக்கத்துலேர்ந்து பேசுறேன். ஜன்னல் வழியா பார்த்தா அபார்ட்மென்ட்தான் தெரியுது. ஆனா மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம்னு இந்தப் பக்கம் எல்லாமே ஒரு காலத்துல ஏரித் தண்ணியில நெல் விளைஞ்ச ஊருங்க. இப்போ நமக்கும் நெல்லுக்கும் இருக்குற உறவு, கடையில வாங்குற அரிசி மூட்டையோட சரி. அதுல 'ஆந்திரா பொன்னி'ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. இன்னைக்குக் கதை அதைப் பத்தித்தான்.

அந்த நெல்லோட அசல் பேரு சம்பா மசூரி, பி.பி.டி. 5204. ஆந்திராவுல பாபட்லா ஆராய்ச்சி நிலையத்துல உருவாகி 1986-ல வெளிவந்தது. சன்ன அரிசி, நல்ல ருசி. ஆனா பாக்டீரியா இலைக்கருகல் நோய் வந்தா தாங்காது.

இந்த நோயை உண்டாக்குற பாக்டீரியா சாந்தோமோனாஸ் ஒரைசே. காலையில நெல் இலை ஓரத்துல நீர்த்துளி நிக்கும் இல்லையா, அந்தத் துளி வெளியே வர்ற துளை வழியாவே இது உள்ளே நுழையும். இலையில காயம் இருந்தா அது வழியாவும் போகும். உள்ளே போய் தண்ணி ஓடுற குழாய்கள்ல பெருகி அடைச்சிடும். இலை நுனியிலேர்ந்து ஓரமா அலை அலையா மஞ்சளாகி, கடைசியில வைக்கோல் மாதிரி காயும். மழையும் காத்தும் சேர்ந்தா வேகமா பரவும். நம்ம சம்பா பருவம் வடகிழக்கு மழையோடதான் வருது.

சிக்கல் இங்கதான். இலை மஞ்சளானா தழைச்சத்து குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு யூரியா போடுறது வழக்கம். ஆனா தழைச்சத்து அதிகமானா இந்த நோய் இன்னும் முத்தும். தப்பா கண்டுபிடிச்சா, காசு கொடுத்து நோயை வளர்க்குற மாதிரி ஆயிடும்.

வயல்லயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு. நோய் பிடிச்ச இலையை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில வைக்கணும். வெட்டின இடத்துலேர்ந்து பால் மாதிரி கசிஞ்சு இறங்கினா, பாக்டீரியாதான். ஆனா எந்தப் பாக்டீரியா? இதே இனத்தோட இன்னொரு வகை, இலைத்துளை வழியா நுழைஞ்சு, நரம்புகளுக்கு நடுவுல மெல்லிய கோடுகளா தெரியும். அது இலைக்கீற்று நோய். நோய் முத்தினா ரெண்டையும் கண்ணால பிரிக்கிறது கஷ்டம்.

அங்கதான் பி.சி.ஆர். வருது. கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே தத்துவம். இலையிலேர்ந்து டி.என்.ஏ. எடுத்து, அதுல ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் லட்சக்கணக்குல நகல் எடுக்கிறாங்க. துண்டு இருந்தா நகல் பெருகும், இல்லேன்னா ஒண்ணும் வராது. பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமா பயன்படுத்துற 16எஸ் மரபணு இங்க உதவாது. அது இந்த ரெண்டு வகையிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, ஒரு வகையில மட்டும் இருக்குற துண்டைத் தேடணும். இலைக்கருகல் பாக்டீரியாவோட முழுத் தொகுதியை கொரிய விஞ்ஞானிகள் 2005-ல வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் இந்தத் தேடல் சுலபமாச்சு.

பாக்டீரியாவோட மரபணு தெரிஞ்சா நெல்லையும் காப்பாத்தலாம். இது நெல்லுக்குள்ள ஒரு புரதத்தைச் செலுத்தி, சர்க்கரையை வெளியே விடுற ஒரு மரபணுவோட சுவிட்சைப் போட்டுவிடும். எக்ஸ்.ஏ. 13 இருக்குற நெல்லுல அந்த சுவிட்சே வேற மாதிரி இருக்கு. பாக்டீரியாவால போட முடியாது. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லுலேர்ந்து வந்த எக்ஸ்.ஏ. 21 இன்னொரு காவலாளி. ஆனா அதைத் தாண்டுற பாக்டீரியாவும் உண்டு. அதனால ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி.யும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் இந்த ரெண்டோட எக்ஸ்.ஏ. 5-ஐயும் சேர்த்து, மூணையும் சம்பா மசூரியில கொண்டுவந்தாங்க. 2008-ல 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' வெளிவந்தது. இது மரபணு மாற்றுப் பயிர் இல்ல. வழக்கமான கலப்புதான். எந்த நாத்துல மூணும் இருக்குன்னு டி.என்.ஏ. பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இந்த நோய்க்கு அடிச்சுக்கிட்டு இருந்த மருந்துல ஸ்ட்ரெப்டோமைசின் இருந்தது. மனுஷங்களோட காசநோய்க்குக் கொடுத்த அதே மருந்து. தேவையில்லாம வயல்ல கொட்டினா, மருந்துக்கு அடங்காத கிருமிங்க நம்ம பக்கமும் வரலாம்.

ஊர்ல சொந்தக்காரங்க யாராவது நெல் போட்டிருந்தா, யூரியா வாங்குறதுக்கு முன்னாடி அந்த டம்ளர் சோதனையைச் செய்யச் சொல்லுங்க. பால் கசிஞ்சா, இலையோட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்க. நம்ம பக்கத்துல காட்டுப்பாக்கத்துல ஒண்ணு இருக்கு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!