செரிமானமும் அன்றாடப் பழக்கமும்

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல, விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டு சென்று விற்று வருகின்றன. உளுந்திலுள்ள, வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களை, இரவில் மாவு புளிக்கையில் நுண்ணுயிர்கள் பெருமளவு சிதைத்துவிடுகின்றன; ஆதலின் இட்லி எளிதில் செரிக்கிறது. ஆயின் அதனை விற்பவரே வெறும் வயிற்றில் தேநீர் அருந்தி, நண்பகல் கடந்தபின் அவசரமாக உண்ண நேர்வது விந்தையே. வயிற்று நோவால் அவர் இழக்கும் ஒரு நாள் வருவாய் சிறிதன்று.

மாதுங்கா, செம்பூர் வாசிகளுள் புறநகர் இரயிலில் தாமதமாக இல்லம் திரும்புவோர், வயிறு நிரம்ப உண்டு உடனே படுக்கின்றனர். திட உணவு இரைப்பையை விட்டு நீங்க 4 மணி நேரம் வரை ஆகலாம். படுத்த நிலையில் அமிலம் உணவுக்குழாயில் மேலேறி நெஞ்செரிச்சலைத் தருகிறது. உறங்குவதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பே, நன்கு மென்று, அளவோடு உண்பது செலவற்ற தடுப்பு முறையாகும். முன் உண்டது செரித்ததை அறிந்தே மீண்டும் உண்ணுமாறு திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வற்புறுத்துகிறது. புகையிலையையும் விலக்குதல் வேண்டும்.

மார்பில் இறுக்கம், கைக்குப் பரவும் வலி, வியர்வை ஆகியவற்றையும் அஜீரணமெனக் கருதி மாத்திரை விழுங்கிக் காத்திருத்தல் ஆபத்தானது. அவை மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். தாராவியை ஒட்டிச் சயானில் அமைந்துள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனைக்கு அப்பொழுதே விரைதல் வேண்டும்.