கரண்ட் வைக்கும்போது நல்ல உறுப்புகளைக் காப்பது எப்படி?



வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருவோரில் சிலர், "கரண்ட் வைத்தால் எச்சில் வற்றிவிடும், பல் போய்விடும்" என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் காக்கும் வழிகளும் உண்டு. அவற்றில் பல நம் கையிலேயே இருக்கின்றன.

நாம் கரண்ட் என்பது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு. கட்டிக்குப் பெரும்பாலும் 66 முதல் 70 கிரே வரை, வாரம் 5 நாள் வீதம் ஏறத்தாழ 7 வாரம் கொடுப்பார்கள். காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். இதற்கு உதவுவதுதான் ஐ.எம்.ஆர்.டி. முறை. பல கோணங்களிலிருந்து, இடத்துக்கு ஏற்பக் கதிரைக் கூட்டிக் குறைத்துச் செலுத்துவார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 60 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்பட்டோர் முந்தைய முப்பரிமாண முறையில் 28க்கு 25 பேர், ஐ.எம்.ஆர்.டி.யில் 32க்கு 19 பேர். எனவே எந்த முறை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை:

பல்: முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். எடுக்க வேண்டிய பல்லை முன்னரே எடுத்து, புண் ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும். ஆண்டுகள் கழிந்தாலும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் பிடுங்காதீர்கள்.

முகமூடி: தலை அசையாமலிருக்க முகத்தின் அளவுக்கே பிளாஸ்டிக் முகமூடி செய்வார்கள். அடர்ந்த தாடி இருந்தால் அது சரியாகப் பொருந்தாது. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். மனம் உறுத்தினால் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு.

எடை: உடல் மெலிந்தால் முகமூடி தளரும், காக்க நினைத்த சுரப்பியிலும் கதிர் கூடுதலாகப் படலாம். தளர்ந்தால் அன்றே சொல்லுங்கள். விழுங்க முடியாதபோது மூக்குவழிக் குழாய்க்கு மறுக்காதீர்கள். ரமளானில் நோயாளிக்குச் சலுகை உண்டு; நோன்பு வைக்க வற்புறுத்த வேண்டாம்.

நாள்: வாய்ப்புண் வந்ததும் ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். விட்ட நாட்களில் புற்று அணுக்கள் பெருகும். பீடி, புகையிலையை அறவே நிறுத்துங்கள்.

செலவுக்குத் தயங்குவோர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

- செயலாளர்