பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பித்தல்

ஊவா மலைகளின் தென்சரிவிலே அமைந்த ஹல்துமுல்லை, ஏறி வருவோருக்கு அழகையும் இறங்கிச் செல்வோருக்கு எச்சரிக்கையையும் ஒருங்கே காட்டும் ஊராகும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து பெரகலையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு கிளை ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மேலேறிச் செல்கின்றது. வளைவுகளும் மூடுபனியும் நிறைந்த இத்தகைய சாலையில் ஓடவேண்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரொன்றை வீட்டுக் கராஜிலே புதுப்பிக்க முற்படுவோர், எதனை முதலிற் செய்வது, எதனை இறுதியிற் செய்வது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

மலைநாட்டுக்கும் இவ்வண்டிகளுக்கும் உள்ள தொடர்பு நெடியது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக 1960களிலும் 1970களிலும் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் அக்கட்டுப்பாடு தளரும்வரை, உள்ள வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே நாட்டின் வழக்கமாயிற்று. இலங்கையின் சிறு பட்டறைகளில் இன்றும் காணப்படும் கைத்திறனுக்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணமாகும்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி. டீ.சீ. என்னும் வண்டியைக் கருதலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர்களும் 1250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய இதன் இயந்திரம் ஏறக்குறைய 54 குதிரைவலுவைத் தருவது. அடிச்சட்டம் உருக்கினாலானது. அதன்மேல் மரச்சட்டம் அமைத்து, அம்மரத்தின்மீது தகடு போர்த்தப்பட்டிருக்கும்.

வேலையின் முதற்படி கழற்றுதல். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம் எடுத்து, கழற்றிய ஆணிகளைத் தனித்தனிப் பைகளிலிட்டு, பெயர் எழுதிக் கட்டவேண்டும். இவ்வண்டியின் இயந்திரத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. திருகாணிகளின் புரி மெட்ரிக் அளவினது; தலையோ பிரித்தானிய விட்வர்த் ஸ்பேனருக்கு ஏற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் கொவென்ட்ரியில் தொழிற்சாலை நிறுவிய பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் நிறுவனத்தின் இயந்திரச் சாலையை 1923இல் மொரிஸ் வாங்கியபோது, பிரெஞ்சு அளவுகளும் உடன்வந்தன. இதனை அறியாது வேறு ஆணியை வலிந்து முடுக்கினால், புரி அழிந்து இயந்திரமே பாழாகும்.

அடுத்து மரம். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கும் இடங்களில், குறிப்பாகக் கதவுத் தூண்களின் அடிப்பகுதியில், உளுத்தல் தொடங்கும். கூரிய ஊசியாற் குத்திப் பார்த்தால் உள்ளே பதமா, உளுத்ததா என்பது தெரிந்துவிடும். உளுத்த துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே மாற்றவேண்டும்; பழைய துண்டே புதியதற்கு அச்சாகும். எல்லாவற்றையும் ஒருங்கே பிரித்துவிட்டால் வண்டியின் வடிவத்தைத் திரும்பப் பெறுதல் அரிது.

பல ஆண்டுகள் ஓடாது நின்ற இயந்திரத்தை உடனே சுழற்ற முயலுதல் கூடாது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயைச் சிலிண்டர்களுள் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தலே முறை.

ஆயினும் உயிருக்கு நேரே தொடர்புடையது பிரேக்கே. பேச்சு வழக்கில் பிரேக் எண்ணெய் என்று சொல்லப்பட்டாலும், இத்தகைய வண்டிகளுக்கு உரிய திரவம் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. பெயரை நம்பி இயந்திர எண்ணெயை அதிற் கலந்தால், இரப்பர் அடைப்புகள் ஊதிப் பழுதாகும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை தாழும். பெரகலையிலிருந்து இறங்கும்போது இடைவிடாது பிரேக்கை மிதித்தால், சூடேறித் திரவம் ஆவியாகும். ஆவி அழுங்குவதால் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. மிதி தரைவரை போயும் வண்டி நிற்காது. ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றுதலும், இறக்கத்திற் குறைந்த கியரிலேயே வருதலும் இன்றியமையாதன. பழைய பிரேக் பட்டிகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அத்தூசியை ஊதித் தள்ளாது, ஈரத்துணியால் துடைத்து மூடியகற்றவேண்டும்.

இவையெல்லாம் முடிந்தபின்னரே வர்ணத்துக்கு முறை வரும். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதனை உலர்நிலையிற் தேய்த்தால் நஞ்சுத்தூள் மூச்சிற் கலக்கும். நீர்விட்டுத் தேய்த்து, கழிவைக் கவனமாக அகற்றுதல் நலம். பழைய செல்லுலோஸ் வர்ணத்தை ஈரக்காற்றிற் பூசினால், அது வெண்மையாகப் பூத்து ஒளியிழக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று என்பர். அக்காலமே வர்ணம் பூசுவதற்கும் உகந்தது. ஆயின் காற்றோடு வரும் தூசி உட்புகாதவாறு காத்துக்கொள்ள வேண்டும். இக்காலத்து இருகலவை வர்ணங்களில் மூச்சுக்குக் கேடு தரும் ஐசோசயனேற்று உண்டு. அவற்றை வீட்டிற் பூசாது, தக்க வசதியுள்ள பட்டறையில் ஒப்படைத்தலே அறிவுடைமை.

இறுதியில் மெருகு. வண்டியை மேலிருந்து கீழாக, இரு வாளிகள் வைத்துக் கழுவவேண்டும். ஒன்று சவர்க்கார நீருக்கு, மற்றொன்று துணியை அலசுவதற்கு. மெருகுப்பசை வர்ணத்தின் மெல்லிய படலமொன்றை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழிக்கும். மெழுகோ அதனைக் காக்கும். எனவே மெருகு அருகியும் மெழுகு அடிக்கடியும் இடத்தக்கவை. கம்பிச் சக்கரத்தைத் துலக்கும்போதே ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிப் பார்த்தல் நன்று. முறுக்கான கம்பி தெளிவாக ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். துலக்குதலும் சோதித்தலும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

தேய்ந்த தோலிருக்கையையும் மங்கிய அளவுமானிகளையும் உடனே அகற்றிப் புதியன வைக்கும் ஆசை பலருக்கு எழும். உறுதியாக இருப்பவற்றை அவ்வாறே விட்டுவைத்தல் நலம்; எத்தனை முறையும் வர்ணம் பூசலாம், வண்டியோடு பிறந்த பொருளை மீண்டும் பெறமுடியாது. காக்கத்தக்கதைக் காத்து, உயிரைக் காப்பதைப் புதிதாக்கி, அழகை அவற்றின்பின் நிறுத்துவோரின் வண்டியே ஹல்துமுல்லைச் சாலையில் அச்சமின்றி ஏறவும் இறங்கவும் வல்லதாகும்.