128 ஒலிகளில் நாதஸ்வரம் எங்கே? ரெடிமேட் இசையும் வில்லியனூர் தேர் மேளமும்!

வைகாசி வந்தால் வில்லியனூரில் தேர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தை கவர்னரே வந்து பிடிப்பார். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம்பிடிக்கிறார்கள். தேர் அசைவதற்கு முன்பே நாதஸ்வரமும் தவிலும் வீதியை நிறைத்துவிடும். இந்தக் கோயிலில் அம்பாளின் பெயரே கோகிலாம்பிகை. கோகிலம் என்றால் குயில்!

இந்த வீதியில் வளர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், நண்பரின் குறும்படத்துக்கு இசையமைப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பழைய லேப்டாப், ஒரு ஹெட்போன். படத்தில் தேர் வரும் காட்சி. நாதஸ்வரம் வேண்டும். மென்பொருளில் இருக்கும் ஒலிப் பட்டியலைத் திறக்கிறார். 105-வது இடத்தில் சிதார் இருக்கிறது. 107-ல் ஜப்பானின் ஷாமிசென். 110-ல் ஸ்காட்லாந்து பேக்பைப். 112-ல் ஷெனாய். பட்டியல் 128-ல் முடிந்துவிடுகிறது. நாதஸ்வரம் இல்லை. தாள வாத்தியங்களுக்கு உள்ள தனிப் பட்டியலிலும் தவில் இல்லை.

வேறு வழியில்லாமல் ஷெனாயைத் தேர்ந்தெடுக்கிறார். வில்லியனூர்த் தேர், வடநாட்டுக் கல்யாண ஊர்வலம் போலக் கேட்கிறது!

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

இது அவருடைய லேப்டாப்பின் குறை அல்ல. எந்த நிறுவனத்தின் கீபோர்டும் இன்னொரு கருவியோடு பேசுவதற்காக 1983-ல் உருவானது 'மிடி' என்ற பொது மொழி. அதன் தொடர்ச்சியாக 1991-ல் 'ஜெனரல் மிடி' வந்தது. ஒன்றாம் எண் என்றால் பியானோ, 74 என்றால் புல்லாங்குழல் என 128 ஒலிகளுக்கும் உலகம் முழுக்க ஒரே வரிசை. கடையில் வாங்கும் சாதாரண கீபோர்டுகள் பலவற்றிலும் இதே வரிசைதான். பட்டியல் போட்டவர்களின் காதில் சிதாரும் ஷெனாயும் விழுந்திருந்தன. காவிரிக்கரை மேளம் விழவில்லை.

ப்ரீசெட் என்றால் என்ன, லைப்ரரி என்றால் என்ன?

சின்தசைஸர் என்பது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. அதையே மென்பொருளாக்கினால் சாஃப்ட்வேர் சின்த். அதன் திரையில் நிறைய திருகுகள் இருக்கும். ஒலி சட்டென்று எழ வேண்டுமா, மெல்ல எழ வேண்டுமா. கூர்மையாக இருக்க வேண்டுமா, மழுங்கலாக இருக்க வேண்டுமா என்பதை இந்தத் திருகுகள்தாம் தீர்மானிக்கின்றன. தேர்ந்த ஒருவர் இவற்றைத் திருகித் திருகி ஒரு நல்ல ஒலியைக் கண்டுபிடித்து, அந்த நிலையை அப்படியே சேமித்துத் தந்தால் அது 'ப்ரீசெட்'.

சவுண்ட் லைப்ரரி வேறு. நிஜமான வாத்தியத்தை நிஜமான கலைஞர் வாசிக்க, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கி வைத்த தொகுப்பு அது. விசையை மெதுவாகத் தொட்டால் மென்மையான பதிவும், ஓங்கி அடித்தால் பலமான பதிவும் கேட்கும்.

முதலாவது, ஒருவர் எழுதி வைத்த சமையல் குறிப்பு போல. இரண்டாவது, ஒருவர் சமைத்தே டப்பாவில் அடைத்துத் தந்தது போல.

ரெடிமேட் என்றால் மட்டமா?

'ப்ரீசெட்டை அமுக்கிப் பாட்டுப் போடுகிறான்' என்ற கேலி இன்றும் உண்டு. ஆனால், பெரிய ஹிட் பாடல்களே இதற்கு பதில் சொல்கின்றன.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் ஒலிகளைப் புதிதாக உருவாக்குவது பலருக்குப் பிடிபடவில்லை. அதனால் பெட்டியோடு வந்த ஒலிகளையே வாசித்தார்கள். அதன் எலெக்ட்ரிக் பியானோ ஒலி, எண்பதுகளின் மேற்கத்திய காதல் பாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்டது. 2007-ல் ரிஹானா பாடி உலகையே கலக்கிய 'அம்ப்ரெல்லா' பாடலின் டிரம்ஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிள் கம்ப்யூட்டரோடு வரும் 'கராஜ்பேண்ட்' மென்பொருளில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு ரெடிமேட் லூப் அது!

நம் ஊரிலும், 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் துணையோடு அமைத்த இசை பெரிதாகப் பேசப்பட்டது. பல இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்து வந்த ஏ.ஆர்.ரஹ்மான், கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டி அமைத்த சொந்த ஸ்டூடியோவிலிருந்து 1992-ல் 'ரோஜா'வைத் தந்தார். முதல் படத்துக்கே தேசிய விருது. அன்று அப்படி ஒரு ஸ்டூடியோவுக்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. இன்று 'வைட்டல்', 'சர்ஜ் எக்ஸ்டி' போன்ற சின்த்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் பழைய டிஎக்ஸ்7-ஐ அப்படியே நகலெடுத்த 'டெக்ஸெட்' மென்பொருளுக்கும் காசு கிடையாது. பாகூரில் ஒரு மாடி அறையில் இருப்பவருக்கும் சென்னை ஸ்டூடியோவில் இருப்பவருக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைத்தது இந்த ரெடிமேட் ஒலிகள்தாம்.

கண் திறப்பது கைதான்

வில்லியனூர் வட்டாரத்துச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். அச்சில் எடுத்த பிள்ளையார் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதன் பிறகு விளிம்பைச் சீவி, துதிக்கையைத் திருத்தி, கண்ணைத் திறப்பது கைதான். ப்ரீசெட்டும் ஓர் அச்சு. அதை அப்படியே விட்டுவிடும்போதுதான் சிக்கல்.

நாதஸ்வரத்தில் அந்தக் கை வேலைதான் முக்கால்வாசி. விரல் வைக்க ஏழு துளைகள். விரலைப் பாதி மூடி, நாணல் சீவாளியில் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார் வித்வான். அந்தக் கமகம்தான் ராகம். கீபோர்டிலோ 12 விசைகளும் தனித்தனிப் படிகள். படிக்கு நடுவே நிற்க இடம் கிடையாது.

முழுத் தீர்வு இல்லை. ஆனாலும், ஓரளவு நெருங்கச் சில வழிகள் உண்டு:

* கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் 'பிட்ச் பெண்ட்' சக்கரம், வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரங்கள் மட்டுமே வளைக்கும். அந்த அளவை ஐந்து, ஏழு என்று கூட்டினால் நீளமான வழுக்கல்கள் கிடைக்கும்.
* ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒலி புதிதாக வெடிக்காமல் தொடர்ந்து வர, 'மோனோ', 'லெகாட்டோ' வசதிகளை இயக்க வேண்டும்.
* நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒத்து அல்லது சுருதிப்பெட்டி உண்டு. அடியில் 'ஸ', 'ப' சேர்த்து ஒரு நீண்ட சுருதி வைத்தாலே பாதி சூழல் வந்துவிடும்.
* பத்து ப்ரீசெட்களை அடுக்குவதைவிட, ஒன்றை எடுத்து அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வாசித்தவருக்கு என்ன கிடைத்தது?

1969-ல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற இசைத் துண்டில், கிரிகோரி கோல்மேன் சில நொடிகள் மட்டும் தனியாக டிரம்ஸ் வாசித்தார். பிற்காலத்தில் அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாடல்களில் பயன்படுத்தினார்கள். கோல்மேன் 2006-ல் இறந்தார். அந்தப் பாடல்களிலிருந்து அவருக்கு ஒரு காசுகூட வரவில்லை. 2015-ல் ரசிகர்கள் சுமார் 24,000 பவுண்டு திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். வாசித்த கைக்கு அப்போதும் எதுவும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கதை நமக்கும் தூரத்தில் இல்லை. பல சின்னக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் பட்டனைத் தட்டினால் முரசும் மணியும் தானே அடிக்கும் மோட்டார் மேளம் வந்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் 'கெட்டி மேளம்' ஸ்பீக்கரில் ஒலிப்பதும் உண்டு. ஒலி இருக்கிறது, அதை வாசித்தவரின் கை அங்கே இல்லை, கூலியும் இல்லை. நாதஸ்வரம் நல்ல ஒலித் தொகுப்பாக வந்தால், இசையமைப்பாளருக்கு லாபம். அதில் வித்வானுக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-ல் செய்த திருத்தம் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் 'கலைஞர் உரிமை' கொடுத்தது. அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்ய முடியாது. அந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. 2012-ம் ஆண்டுத் திருத்தம் அதை இன்னும் பலமாக்கியது. எனவே, 'சும்மா ரெண்டு நிமிஷம் வாசிங்கண்ணே' என்று போனில் பதிவு செய்துவிட்டு, அதை உலகத்துக்கு விற்பது சரியல்ல. எதற்காகப் பதிவு, எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

விலைக்கு வாங்கும் லைப்ரரிகளுக்கும் நிபந்தனை உண்டு. 'ராயல்டி ஃப்ரீ' என்றால் உங்கள் பாட்டில் சேர்க்கலாம் என்று அர்த்தம். அந்த ஒலிகளைத் தனியாக எடுத்து விற்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு லூப்பை 'இது என்னுடையது' என்று யூடியூபின் 'கன்டென்ட் ஐடி'யில் உரிமை கோரவும் முடியாது.

129-வது ஒலி

பட்டியலில் இல்லாததை நாமே சேர்க்கலாம். 'டீசென்ட் சாம்ப்ளர்' போன்ற இலவச மென்பொருள்களில் சொந்தப் பதிவுகளை ஏற்றி வாசிக்க முடியும். அமைதியான ஓர் அறை, சுமாரான ஒரு மைக், ஒரு வித்வான், அரை நாள் போதும். நாதஸ்வரம் எத்தனை கட்டை சுருதி என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மைக்கை அணசின் வாயருகே வைக்காமல் சில அடி தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக வாசிக்கச் சொல்லலாம். அதோடு நிற்காமல், கமகத்தோடு சின்னச் சின்னப் பிடிகளையும் பதிவு செய்தால்தான் உயிர் இருக்கும்.

பாகூர் ஏரியில் வந்திறங்கும் பறவைகளின் சத்தம், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடும் ஒலி, கோயில் மணி... இவையும் இந்த மண்ணின் லைப்ரரிதான். 

அந்த மாணவருக்கும் இதுவே வழி. அடுத்த வைகாசிக்கு முன் ஒரு நாள், தேர் வீதியில் வாசிக்கும் மேளக்காரர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு, பேசிய சன்மானத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு போகலாம். லேப்டாப்பில் 129-வது ஒலி சேரும். அதன் பெயருக்குப் பக்கத்தில் வாசித்தவர் பெயரும் இருக்கும்.